அய்யனார் கொடுத்த விதை

“வெள்ளைக்காரங்க வளர்த்த காடுன்னு மட்டும் சொல்லாதீங்க சார்.” குதிரையைப் பிடித்து நடந்தவர் கடிவாளத்தோடு நின்றுவிட்டார். “குழி வெட்டினது எங்க ஊரு ஆளுங்க. எங்கம்மா குடம் குடமாத் தண்ணி சுமந்து ஊத்தினாங்க.”

ஆரோவில் என்றாலே வெளிநாட்டினர் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட தோட்டம் என்ற எண்ணம் மறைமலை நகரில் எங்கள் தெருவில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டுநிலம் வெறும் செம்மண் பொட்டல். மழைநீர் மண்ணை அறுத்துக்கொண்டு நேரே கடலுக்கு ஓடியது. அந்த வெள்ளம் வெட்டிய பள்ளத்துக்குள்தான் குதிரை இப்போது காலை அளந்து அளந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் செம்மண் சுவர், தலைக்கு மேல் இலைக்கூரை. சேணத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிளைகள் முகத்துக்கு நேரே வருகின்றன. குனிந்து குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

முதலில் வரப்புப் போட்டு நீரை நிறுத்தினார்கள். பிறகு எந்த மண்ணிலும் பிழைக்கும் கத்தி சவுக்கு. அதன் நிழலில்தான் காசா, வீரை, உலக்கைப் பாலை என்று இந்தக் கடற்கரையின் சொந்த மரங்கள் எழும்பின. அந்த விதைகள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன்.

“அய்யனார் கோயில் காட்டுலேர்ந்து. அங்க சுள்ளி கூட ஒடிக்க மாட்டோம். விழுந்த விதையைப் பொறுக்கலாம்.”

கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியிருப்பது போன்ற சிறு காடுகளில்தான் அந்த மரங்கள் தப்பிப் பிழைத்திருந்தன. ஊர் சாமிக்குப் பயந்து காத்த விதை இது. குதிரையைப் பிடித்து நடந்தவரின் கோபம் நியாயமானது என்று அப்போது பட்டது. வரப்புப் போடும் யோசனையோடு வந்தவர்களின் உழைப்பும் பெரிதுதான். ஆனால் விதையும் தோளும் இந்த ஊர்களுடையவை.

எங்கள் பக்கம் நான் கண்டது இதற்கு நேர் எதிர். காரைச்செடியும் சூரைமுள்ளும் நின்ற மேடுகளில் ஒவ்வொன்றாக மனைக்கல் நட்டார்கள். சிறு வயதில் அதை வளர்ச்சி என்றே நம்பினேன். இந்தப் பள்ளத்தில் அந்த நினைவு உறுத்தியது.

“அம்மா இருக்காங்களா அண்ணா?”

“இருக்காங்க. நாத்தங்கால்ல பைக்கு மண்ணு ரொப்பிக்கிட்டு இருப்பாங்க.”

சவாரியைப் பாதியில் விட்டு அங்கே போனோம். அந்த அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எங்கள் ஊரில் ஏரி உண்டா என்றுதான் முதலில் கேட்டார்.

“ஐப்பசி மழைக்கு முன்னாடி வாப்பா, கன்னு தர்றேன். அதுக்குள்ள அங்க வரப்பைப் போட்டு வையி. தண்ணி நின்னாத்தான் வீரை நிக்கும்.”