பிள்ளைகளைப் பார்க்கப் பாரீஸ் போகிறவர்களுக்கு

முன்பெல்லாம் சிதம்பரத்தில் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்றால் அமெரிக்கா அல்லது சிங்கப்பூர் என்று அர்த்தம். இப்போது பிரான்சும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன் அங்கே மேற்படிப்புக்குப் போகிறான், வேலை கிடைக்கிறது, கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. உடனே இங்கே போன் வருகிறது: "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு மூணு மாசம் வந்து இருங்க."

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு அம்மாவின் ஊரான இங்கே வந்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றேன். ஆகவே பிரெஞ்சுக் காகிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. சுற்றுலாப் புத்தகங்கள் ஈபிள் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும். மூட்டு வலிக்காரருக்கு மெட்ரோ படிக்கட்டு எப்படி என்று சொல்லாது.

முதலில் அந்த 'மூணு மாசம்'. விசா விதியில் மூன்று மாதம் என்று எங்கும் இல்லை. 180 நாளில் 90 நாள் என்றுதான் இருக்கிறது. போய் இறங்கும் நாளும் கணக்கு, கிளம்பும் நாளும் கணக்கு. ஜூன் 1 போய் ஆகஸ்ட் 31 கிளம்புகிறவர் தாம் மூன்று மாதம்தான் இருந்ததாக நினைப்பார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 92 நாள். இரண்டு நாள் அதிகம். இந்தக் கணக்கு அவர் பெயரோடு பதிவாகி நிற்கும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றும் முறை வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கிவிட்டது என்று சமாளிக்கிற காலம் போயிற்று.

அடுத்தது பிள்ளை அங்கே வாங்க வேண்டிய காகிதம். 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்று பெயர். 'இவர்கள் என் வீட்டில் தங்குவார்கள்' என்று அவன் இருக்கும் ஊரின் 'மேரி'யில், அதாவது நகர்மன்றத்தில், எழுதிக் கொடுத்து முத்திரை பெறுவது. புதுச்சேரி கடற்கரையில் இடிந்து விழுந்து மறுபடி கட்டினார்களே, அதே 'மேரி'தான். கட்டணம் 30 யூரோ. வீட்டு வாடகைப் பத்திரம், சம்பளச் சான்று எல்லாம் காட்ட வேண்டும். சில ஊர்களில் நாள் கிடைக்கவே ஒரு மாதம் ஆகும். இது இருந்தால், கையில் செலவுக்கு நாளொன்றுக்கு 32.50 யூரோ இருப்பதாகக் காட்டினால் போதும். இல்லாவிட்டால் ஹோட்டல் பதிவும் அதைவிடக் கூடுதல் பணமும் காட்ட வேண்டும்.

இந்தக் காகிதத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் பலருக்குக் காலியாகவே இருக்கும். பிள்ளை அங்கே போய் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக் கொண்டிருப்பான். மருமகள் இன்னொரு விதமாக எழுதிக் கொடுப்பாள். விமானச் சீட்டில் மூன்றாவது விதம். அந்த நாட்டு எழுத்தருக்கு இவர்கள் மூன்று பேர். எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விண்ணப்ப மையம் சென்னையிலும் இருக்கிறது, புதுச்சேரியிலும் இருக்கிறது. நமக்குப் புதுச்சேரி பக்கம். நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, மையத்தின் கூலி தனி. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

மறுப்பு வந்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் திரும்பி வருவார் என்பதில் சந்தேகம் என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். "எழுபது வயசுல நான் அங்க போய் ஒளிஞ்சுக்கவா போறேன்?" என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கொடுத்திருந்ததெல்லாம் வங்கிக் கணக்கு மட்டும்தான். ஓய்வூதிய ஆணை, வீட்டு வரி ரசீது, நிலம் இருந்தால் பட்டா, இங்கே இருக்கும் மற்ற பிள்ளைகளின் விவரம் எல்லாம் மொழிபெயர்ப்போடு வைத்து, ஒரு பக்கம் கடிதமும் எழுதி வைத்தால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் வராது. மறுப்பு வந்தாலும் 30 நாளுக்குள் நாந்த் நகரிலுள்ள அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மறுபடி புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். அவர் இரண்டாவதைச் செய்தார், கிடைத்தது.

திரும்பி வருவேன் என்று நிரூபிக்கும் அந்தக் காகிதங்களை எனக்காகவும் ஒருமுறை அடுக்கினேன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பதினெட்டு வயதாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான். எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் போயிட்டா பாட்டிய யார் பாக்கறது?" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா மகன், என் அண்ணன், 1965-இல் கப்பலேறினார். 'சொல்தா'வாக இருந்து ஓய்வு பெற்று, பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் குடியிருந்தார். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள்.

2018 கோடையில் அண்ணனுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்தது. எனக்கு நேர்காணல் நாள் கிடைத்தது ஒன்பது நாள் கழித்து. அண்ணன் ஐந்தாம் நாள் போய்விட்டார். கோடையில் எல்லோரும் கிளம்பும் காலம், கூட்டம். யாரைக் குறை சொல்ல? அடுத்த வருடம்தான் போய் அண்ணியைப் பார்த்தேன். அவர் அண்ணனின் கம்பளிக் கோட்டை எடுத்துக் கொடுத்து, "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு வெளியில போங்க, காத்து ஆகாது" என்றார். அது எனக்குத் தோளில் சரியாக உட்கார்ந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: அங்கே நெருங்கிய உறவு இருக்கிறவர்கள், நல்ல நாளிலேயே ஒருமுறை போய் வந்துவிடுங்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகை வந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்க வழி உண்டு, அதன்பின் ஐந்து வருடத்துக்கு. அப்படி ஒன்று கையில் இருந்தால், நள்ளிரவில் போன் வந்தாலும் மறுநாள் விமானம் ஏறலாம்.

இனி மருந்து. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக மலிவாக ஒன்று எடுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் இவற்றுக்குச் செலவு தருவார்களா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். தரமாட்டோம் என்றுதான் பலவற்றில் இருக்கும். இரண்டாயிரம் ரூபாய் கூடப் போனாலும் தருவதை எடுங்கள். தங்கும் நாள் முழுவதற்கும் மாத்திரைகளைக் கொண்டு போங்கள், கைப்பையில். பெட்டியில் வைத்தால் பெட்டி வேறு ஊருக்குப் போகும். மருத்துவர் சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் மாத்திரைப் பட்டையைக் காட்டினால் அங்கே புரியாது, அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்றால் புரியும். பச்சைச் சிலுவை எரியும் கடைதான் மருந்துக் கடை. சீட்டில்லாமல் அங்கே இரத்த அழுத்த மாத்திரை தரமாட்டார்கள். அவசரத்துக்கு மருத்துவ உதவி 15, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. இரண்டையும் பிள்ளையின் முகவரியோடு ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். செல்போன் சார்ஜ் இறங்கிவிடும், தாள் இறங்காது.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. சட்டப்படி இறைச்சியும் பால் பொருளும் கூடாது. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு எல்லாம் இதில் அடக்கம். பேரனுக்கு வெண்ணெய் காய்ச்சிய நெய் என்று கண்கலங்கினாலும் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பழம், காய், கீரை, கறிவேப்பிலைக் கொத்துக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் விலக்கு. தேங்காய்க்கு விலக்கு கொடுத்தவனுக்கு நல்ல மனசு. பொடி வகை, அப்பளம், வற்றல் தாராளமாக வைக்கலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய் வேண்டுமென்றால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் போங்கள். யாழ்ப்பாணத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். "என்ன வேணும் ஐயா?" என்று அவர்கள் கேட்கும்போது மனசு குளிர்ந்துபோகும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில், 1985-இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசிவாக்கில் தேர் உண்டு. தேருக்கு முன்னால் சிதறு தேங்காய் உடைத்துத் தெருவை நனைத்துவிடுவார்கள், பிரெஞ்சுப் போலீஸ் ஓரமாக நின்று பார்க்கும். ஆனித் திருமஞ்சனத் தேரை இங்கே விட்டுவிட்டு வந்தோமே என்று வருந்துகிறவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

மொழியைப் பற்றிப் பயம் வேண்டாம். ஒரே ஒரு சொல் போதும்: 'பொன்ழூர்'. கடைக்குள் நுழைந்ததும், பேருந்தில் ஏறியதும், யாரிடம் எதைக் கேட்பதற்கு முன்பும் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் "இது என்ன விலை" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். வெள்ளைக்காரனுக்குத் திமிர் என்று நம்மவர்கள் சொல்வதில் பாதி இந்தச் சொல் விட்டுப்போனதால் வந்தது. நமக்கு 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல் அவர்களுக்கும் 'த்யு', 'வூ' உண்டு. தெரியாதவரை 'வூ' என்றே சொல்லுங்கள்.

மெட்ரோ பல நிலையங்களில் படிக்கட்டுதான், மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பேருந்து உத்தமம், ஊரையும் பார்க்கலாம். 2025-இல் மெட்ரோ சீட்டு 2.50 யூரோ, பேருந்து 2 யூரோ, விமான நிலையத்துக்குத் தனிச் சீட்டு 13 யூரோ என்று இருந்தது. இயந்திரத்தில் பதிந்த சீட்டை வெளியே வரும்வரை தொலைக்காதீர்கள். பரிசோதகர் எந்தப் படியடியில் நிற்பார் என்று சொல்ல முடியாது. பர்ஸ் முன் பையில். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பொதுக் கழிப்பறைகள் தெருவில் இலவசமாகவே இருக்கின்றன, ஆனால் உள்ளே காகிதம் மட்டும்தான். கைப்பையில் ஒரு சிறு தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஜூனில் போனால் இரவு பத்து மணிவரை வெளிச்சம். இருட்டட்டும் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் மாத்திரை நேரம் தப்பும். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

லூவ்ரில் மோனலிசாவைப் பார்க்க இரண்டு மணி நேரம் நிற்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இயேனா மெட்ரோ பக்கத்தில் கிமே என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டமே இராது. அங்கே நம் நாட்டுப் பதினோராம் நூற்றாண்டு நடராசர் நிற்கிறார். சிற்பி ரொதான், சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே மயங்கி ஒரு கட்டுரை எழுதினார், 1921-இல் அச்சானது. என் அண்ணன் மாதம் ஒருமுறை கிமே போய் அந்த நடராசர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று அண்ணி சொன்னார். உட்கார பெஞ்சு இருந்ததா என்று கேட்டேன். "செக்யூரிட்டிப் பையன் நாற்காலி குடுப்பான்" என்றார். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள்.