வீதியிலிருந்து பார்த்த நீர்வீழ்ச்சி

மலையகத்தின் நீர்வீழ்ச்சிகளைக் கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் படம் பிடித்திருக்கிறார்கள். பொறியியலாளர்கள் அளந்து மின்சாரமாக்கியிருக்கிறார்கள். அவற்றின் அருகே பிறந்து வளர்ந்தவர்களோ அவற்றைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவர்களுள் ஒருவனாகிய நானும், சென்ற விடுமுறையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் என் நெஞ்சை உறுத்தியிராவிடின், இதனை எழுத முற்பட்டிருக்க மாட்டேன்.

கலைப்பீட மாணவர் பலரைப் போல நானும் விடுமுறை நாட்களில் ஏதேனும் ஒரு தொழிலைத் தேடிக்கொள்பவன். உல்லாசப் பிரயாணிகளுக்கு வழிகாட்டியாகத் தொழில் புரியும் நண்பர் ஒருவர், கொழும்புத் துறைமுகத்துக்கு வரவிருந்த பயணக் கப்பல் ஒன்றைப் பற்றிக் கூறி, ஒரு நாளைக்குத் தமக்கு உதவியாக வரும்படி அழைத்தார். கப்பல் விடியுமுன் வந்து நள்ளிரவில் புறப்படும். அந்த இடைவேளைக்குள் இலங்கையைக் கண்டுவிட விரும்புவோர் தத்தமக்குப் பிடித்த திசையைத் தெரிந்துகொள்வர். எங்கள் பொறுப்பில் வந்த பன்னிருவரும் நீர்வீழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்திருந்தனர். போகவேண்டிய இடத்தின் பெயரை நண்பர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் வீட்டுக்குப் போகும் வழி.

முதல்நாள் இரவே அம்மாவுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். "பத்து, பதினொரு மணிக்கு டெவன்கிட்ட வான் நிக்கும்மா."

"நாளைக்கு ரோட்டுக்குக் கீழ் மலையிலதான் கொழுந்து," என்றார் அம்மா. அதற்கு மேல் அவரும் எதுவும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, அட்டன் என்று வளைந்து வளைந்து ஏறிய பாதையில், நண்பர் பணித்தபடி நான் வரலாறு கூறிக்கொண்டு சென்றேன். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869 இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பிப் பயிரை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதையும் சொன்னேன். டெவன் நீர்வீழ்ச்சியின் உயரம் 97 மீற்றர் என்றும், கோப்பிக் காலத்து ஆங்கிலத் தோட்டத்துரை ஒருவரின் பெயரே அதற்கு வழங்குகிறது என்பர் என்றும் கூறினேன். காடழித்த கைகள் யாருடையவை என்பதைச் சொல்லவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவராக்கியதையும், 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் என் பாட்டியின் தமையனார் குடும்பத்தோடு கப்பலேறியதையும், எஞ்சியோருக்கு 2003 இல் இயற்றப்பட்ட சட்டமே வழிதிறந்ததையும் சொல்லவில்லை. விடுமுறையை அனுபவிக்க வந்தவர்களிடம் துயரக்கதை வேண்டாம் என்பது நண்பரின் அறிவுரை. அதனைக் கடைப்பிடிப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதினொரு மணியளவில் வான் வீதியோரத்தில் நின்றது. பள்ளத்தாக்குக்கு அப்பால் டெவன் வெண்மையாக விழுந்துகொண்டிருந்தது. சிறுவயதில் அந்த நீர்வீழ்ச்சி எங்களுக்குக் காட்சிப் பொருளாக இருந்ததில்லை. இரவில் அதன் ஓசை பெருத்தால், மறுநாள் மலையில் அட்டைக்கடியும் வழுக்கலும் அதிகமாயிருக்கும் என்று பாட்டி சொல்வார். வீதியில் நிற்கும் வண்ண வண்ண வாகனங்களும் கமராக்களோடு இறங்கும் மனிதர்களுமே எங்களுக்கு வேடிக்கை. கீழிருந்து அவர்களை நோக்கிக் கையசைப்போம்.

வீதிக்குக் கீழே, படங்கு கட்டிய பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். மஞ்சள் தலைத்துணியைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா நிமிர்ந்து, வானைப் பார்த்து, கையை உயர்த்தி அசைத்தார். அருகே நின்ற பெண்களும் அசைத்தனர். பன்னிரு பிரயாணிகளும் பெருமகிழ்ச்சியோடு பதிலுக்குக் கையசைத்தனர். கமராக்கள் நீர்வீழ்ச்சியை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. அவர்களிடையே நின்று நானும் கையசைத்தேன்.

"இவர்களை உமக்குத் தெரியுமா?" என்று ஒரு மூதாட்டி என்னிடம் அன்போடு கேட்டார்.

"வெளிநாட்டவரைக் கண்டால் இவர்கள் எப்போதும் இப்படித்தான் கையசைப்பார்கள்," என்றேன்.

அங்கிருந்து சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்குச் சிறிது தூரமே. 80 மீற்றர் உயரமுடைய அதனில் நீர் ஏன் குறைந்திருக்கிறது என்று ஒருவர் வினவினார். 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்தைப் பற்றிக் கூறினேன். தலவாக்கலையில் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே நீரைச் செலுத்தி, 150 மெகாவாற்று மின்சாரம் பெறுகின்றனர். நீர்வீழ்ச்சியின் அழகு கெடாதிருக்கப் பகல் வேளையில் ஓரளவு நீரை ஆற்றில் விடுகின்றனர் என்றேன். "அப்படியானால் இரவில்?" என்று அவர் கேட்டார். "இரவில் பார்ப்பதற்கு யாரும் வருவதில்லை," என்றேன். எல்லோரும் சிரித்தனர். என் சொல் என்னையே சுட்டது. பார்ப்பவர் நிற்கும் நேரத்துக்கு மாத்திரம் விழும் அந்த நீரைப் போலவே, நானும் கேட்பவருக்கு வேண்டிய அளவே என்னைத் திறந்துவிடுகிறேன் என்று தோன்றியது.

நான் ஏன் அவ்வாறு பதிலளித்தேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் பன்னிரண்டு கமராக்களும் அம்மாவை நோக்கிப் பாய்ந்து, பின் என்னிடம் திரும்பியிருக்கும். அவரைக் காட்சிப் பொருளாக்க விரும்பவில்லை என்று எனக்கே சமாதானம் கூறிக்கொண்டேன். அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி பழையது. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் நாளில் "எந்த ஊர்?" என்று கேட்ட சக மாணவனிடம் "நுவரெலியா" என்றேன். தோட்டம் என்ற சொல்லை விழுங்கினேன். அன்று விழுங்கியதைத்தான் அந்த வீதியோரத்திலும் விழுங்கினேன். பரீட்சை விடைத்தாளில் மலையக மக்களின் வரலாற்றை எழுதிப் புள்ளி பெறுபவன், அந்த வரலாறு எதிரே நின்று கையசைத்தபோது அதனை அறியாதவனாக நடித்தான்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. என் சாப்பாட்டை விசாரித்தார். பின்னர் சொன்னார்:

"எல்லாரும் கைய ஆட்டுனாங்கப்பா. அதுல நீ யாருன்னுதான் தெரியல."

குறைகூறும் தொனி சிறிதும் அதில் இல்லை. தூரம் அதிகம், கண்ணும் முன்போல் இல்லை என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். நான் எதுவும் பேசவில்லை.

அடுத்த கப்பல் வரும்போதும் உதவிக்கு வருவதாக நண்பரிடம் கூறியிருக்கிறேன். அந்த வளைவில் வான் நிற்கையில், நீர்வீழ்ச்சியின் உயரத்தைச் சொல்வதற்கு முன்னர் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. "கீழே மஞ்சள் துணி கட்டியிருப்பவர் என் தாயார்" என்பதே அது. முதலில் அதனை என் சக மாணவர்களாகிய உங்களிடம் சொல்லிவிட்டேன்.