கல்லில் எழுதிய கணக்கு

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், வலம் வரும்போது அங்குள்ள கல்வெட்டுகளையும் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த எழுத்துகளைப் படிப்பது நம்மில் பலருக்கு இயலாது. ஆயினும் சோழர் காலக் கோயில்களில் தர்மங்களைப் பற்றிய கல்வெட்டுகள் பெரும்பாலும் கூறுவது ஒரே வகைச் செய்திதான். இன்னார், இன்ன கைங்கர்யத்துக்கு, இவ்வளவு கொடுத்தார். இன்னார் பொறுப்பேற்று, நாள்தோறும் இந்த அளவில் நடத்தி வர வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு கொடுக்கப்பட்டவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? குட்டிகள் வளர்ந்து மூத்தவற்றின் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது என்பதே பொருள். வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்கு, மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் தர்மம் நடத்துவதற்கு இதைவிட அழகான விளக்கம் கிடைத்ததில்லை.

ஓய்வுக்குப் பின், எங்கள் பகுதியில் உள்ள சிறு அறக்கட்டளைகள் சிலவற்றுக்கு வரவு செலவு எழுதவும் நன்கொடை விண்ணப்பம் தயாரிக்கவும் உதவி வருகிறேன். அவற்றுள் ஒன்று, சேலையூர்ப் பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்துகிறது. அன்பர் ஒருவர் மாதந்தோறும் அளித்த தொகையிலேயே அது நடந்து வந்தது. அவர் இறைவனடி சேர்ந்தார். மூன்று மாதங்களாக ஆசிரியைகளுக்குச் சம்பளம் இல்லை. வகுப்பையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, மருத்துவம், பசி போக்குதல் ஆகியவை அந்தப் பணிகளுள் அடங்கும். முறையான பதிவும், வருமான வரித்துறையின் உரிய சான்றுகளும், மூன்றாண்டுப் பணி அனுபவமும் உள்ள அறக்கட்டளை இந்த நிதியைக் கோரலாம். இதை எடுத்துச் சொன்னபோது, அறக்கட்டளையின் செயலாளரான பெரியவர் முகம் சுளித்தார். “தர்ம காரியத்துக்குப் போய் விண்ணப்பமா, சார்? பகவான் பார்த்துக்கொள்வார்” என்றார்.

“பகவானுக்கு ஏற்றிய விளக்குக்கே கல்லில் கணக்கு வெட்டியிருக்கிறார்களே, ஸ்வாமி” என்றேன். சிரித்துவிட்டார். வேலை தொடங்கியது.

அவர் முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். கல்வியின் பெருமை இருந்தது; நிறுவியவரின் புகழ் இருந்தது. எத்தனை பிள்ளைகள் என்பது மட்டும் இல்லை. உண்மையில் விண்ணப்பம் கேட்பவை கல்வெட்டு சொல்லும் செய்திகளேதாம். யாருக்காக, எதற்கு, எவ்வளவு, யார் பொறுப்பு, நடப்பதை எப்படி அறிவது? வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஜூன் மாதத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாதிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று தடையின்றிப் படிக்கிறார்கள் என்று ஆசிரியைகளிடம் கேட்டு எழுதினோம். ஆசிரியைகளின் சம்பளம், நோட்டுப் புத்தகம், மின்கட்டணம் எல்லாம் தனித்தனி வரிகளாயின.

“சுண்டலைக்கூடவா எழுத வேண்டும்?” என்றார் பெரியவர்.

“சுண்டலை மறைத்தால், பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள் என்பதும் மறைந்துவிடும்” என்றேன். சுண்டலும் எழுதப்பட்டது.

நிறுவனம் நேரில் வந்து பார்த்தது. கேட்டதில் பாதிதான் தந்தது. அதுவும் ஓராண்டுக்கு மட்டும். மீதிக்கு அதே கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத் தெருக்களில் வீடு வீடாகச் சென்றோம். காஞ்சி மகா பெரியவர் வகுத்தருளிய பிடி அரிசித் திட்டம் நாம் அறிந்ததே. ஒவ்வோர் இல்லத்திலும் தினமும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தால், ஊர் ஆலயத்தில் நிவேதனமாகி ஏழைகளின் பசி தீரும். ஒருவர் மூட்டையாகக் கொடுத்து நின்றுபோவதைவிட, நூறு வீடுகள் பிடி பிடியாகக் கொடுப்பது நிலைக்கும். எங்கள் வகுப்பும் இன்று அப்படித்தான் நடக்கிறது. ஒரே ஆட்டை நம்பியிருந்த விளக்குக்கு இப்போது ஒரு மந்தை இருக்கிறது.

தர்மம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். அது சந்தேகம் ஆகாது. இயன்றவரை காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் அளித்தால் வருமான வரிச் சலுகையும் கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக நடத்துபவர் அதைக் கேட்டு மகிழ்வாரே தவிர வருந்தமாட்டார்.

பணம் கொடுக்க இயலாதவர்களும் உண்டு. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஆண்டுக்கணக்கில் கடிதமும் கணக்கும் எழுதிய கைகள் நம்முடையவை. உங்கள் தெருவில் நடக்கும் ஒரு தர்மத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் கையைக் கொடுங்கள். அதுவும் கைங்கர்யமே.