மூன்றாம் பாகம் அத்தை வீட்டில்

பொன்னியின் செல்வனை இன்றைக்கு எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு ஆளாளுக்கு அச்சிட்டார்கள். புத்தகக் காட்சியில் ஐந்து பாகங்களையும் சேர்த்துக் கட்டி, குறைந்த விலைக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது; படிக்கச் சோம்பலாக இருந்தால் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். 2022லும் 2023லும் படங்கள் வந்தபோது, நாவல் பக்கம் தலைவைத்தும் படுக்காத பிள்ளைகள்கூட வாங்கினார்கள். என்னிடமும் ஒரு செட் இருக்கிறது, யாரோ கொடுத்த பரிசு. நல்ல தாள், நல்ல அச்சு, பிழை குறைவு. எடுத்துப் பிரித்தால் வீரநாராயண ஏரிக்கரையிலேயே வந்தியத்தேவனை விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறேன். கண் தேடுவதெல்லாம் எங்கள் வீட்டுப் பைண்டைத்தான்.

'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கிய தொடர் அது. 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை வருஷம் வந்தது. தாத்தா ஒவ்வொரு வாரமும் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பரண் பெட்டியில் சேர்த்துவைத்து, ஒரு பாகம் முடிந்ததும் மாயவரத்தில் ஒரு பைண்டரிடம் கொடுப்பாராம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சி ஒட்டுவார்கள், பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக. முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்கு மார்பிள் காகிதம். அந்தப் பசையின் வாடை புத்தகத்தை விட்டுக் கடைசிவரை போகவேயில்லை. பைண்டர் தாராளமானவர், ஓரம் சமமாக வர வேண்டும் என்று மூன்று பக்கமும் நன்றாகவே வெட்டிவிட்டார். சில இடங்களில் வரியின் கடைசி எழுத்து கிடையாது. உள்பக்கமோ தையலுக்குள் போய்விட்டது. புத்தகத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கழுத்தைச் சாய்த்து, பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் பழகிய கழுத்துக்கு, விரித்த இடத்தில் விரிந்தபடி கிடக்கும் இந்தப் புதுப் புத்தகம் என்னவோ ஒட்டாமல் இருக்கிறது.

தொடருக்கு மணியம் வரைந்த படங்களைச் சொல்லாமல் முடியாது. அவர் போட்ட குந்தவைதான் எங்களுக்குக் குந்தவை. அந்தக் கொண்டையைப் போட்டுப் பார்க்காத பெண் பிள்ளை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பிற்பாடு பத்திரிகையே இந்தக் கதையைத் திரும்பத் திரும்பத் தொடராகப் போட்டது. வினு, பத்மவாசன், வேதா என்று தலைமுறைக்கு ஓர் ஓவியர் வந்தார். ஒரு பத்திரிகை தன் கதையைத் தானே மறுபடி மறுபடி படித்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அவர்களும் அருமையாகத்தான் வரைந்தார்கள். திருவாரூர் அத்தை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற யாரோ ஒரு நந்தினி" என்பாள்.

தாத்தா போனபின் பாத்திரம் பண்டங்களோடு இந்தப் பைண்டுகளும் பிரிந்தன. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 'புது வெள்ளம்' எங்கள் வீட்டுக்கு வந்தது. 'சுழற்காற்று' சித்தப்பாவிடம் போயிற்று. 'கொலை வாள்' திருவாரூர் அத்தைக்கு. 'மணிமகுட'மும் 'தியாக சிகர'மும் திருச்சிப் பெரியப்பாவுக்கு. மூத்தவர் என்பதால் இரண்டு. இந்த ஏற்பாட்டின் கொடுமையை இரண்டாம் பாகத்தின் முடிவு தெரிந்தவர்கள் உணர்வார்கள். அருள்மொழிவர்மரும் வந்தியத்தேவனும் புயலடித்த நடுக்கடலில் கிடப்பார்கள். அவர்கள் கரை சேர வேண்டுமானால் நான் திருவாரூருக்கு பஸ் ஏற வேண்டும். அதற்கு முழுப் பரீட்சை முடிய வேண்டும், அப்பா சரி என்று சொல்ல வேண்டும், அத்தை வீட்டில் அந்தச் சமயம் வேறு விருந்தாளி இருக்கக் கூடாது. கல்கி வைத்த 'தொடரும்' ஒரு வாரத்துக்குத்தான். எங்கள் குடும்பம் வைத்தது சில சமயம் ஒரு வருஷம் நீளும்.

இத்தனைக்கும் கதை எல்லாருக்கும் மனப்பாடம். எதற்குத்தான் அந்தத் தவிப்பு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அத்தை வீட்டில் முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு படிப்போம். யாரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. புத்தகம் எந்த இடத்தில் தானாகப் பிளக்கிறதோ அந்த இடம். அடிக்கடி பிரித்த இடத்தில்தானே தையல் தளரும். ஆழ்வார்க்கடியான் வாதத்துக்கு இழுக்கும் பக்கங்கள் தாத்தாவின் பென்சில் கோடுகளால் நிறைந்திருக்கும். வயதாக ஆக அவர் பெரிய பழுவேட்டரையரின் கட்சிக்குப் போய்விட்டாராம். அந்தக் கிழவரை யாராவது கேலி செய்தால் கோபித்துக்கொள்வாராம். அத்தை திருச்சிக்குப் போனாலும் கடைசிப் பாகத்தை முடிக்க மாட்டாள். மணிமேகலை சாகும் இடம் நெருங்கியதும் மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்த முடிவு அப்போதே பலருக்கு ஒப்பவில்லைதான். சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் கேட்கப்போய், கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. தொடர் முடிந்த அதே வருஷம் டிசம்பரில் அவர் காலமானார். முடிவுரையை மட்டும் அத்தை விடாமல் படிப்பாள். "அதுல யாரும் கண்ணு முன்னால சாகல" என்பது அவள் காரணம்.

ஆனால் என்னை உண்மையாகவே படுத்துவது கதை இல்லை, கதையின் முதுகு. தாத்தா பிரித்தெடுத்த தாளின் மறுபக்கத்தில் கதை இல்லாத இடங்களும் உண்டு. அங்கே ஒரு கச்சேரி விமரிசனத்தின் நடுப்பகுதி, தைல விளம்பரம், பாதி நகைச்சுவைத் துணுக்கு என்று ஏதாவது அகப்பட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் பாகத்தில் அப்படி ஒரு சிறுகதையின் கடைசிக்கு முந்தைய பக்கம் இருந்தது. எழும்பூர் ஸ்டேஷனில் ஒரு பெண் போட் மெயிலுக்காகக் காத்திருக்கிறாள். கையில் ஒரு கடிதம். வரப்போவது யார், அண்ணனா, கட்டிக்கொள்ளப் போகிறவனா, அந்தப் பக்கத்தில் தெரியாது. வண்டி வந்து நிற்கிறது, ஜனங்கள் இறங்குகிறார்கள், அவ்வளவுதான். புரட்டினால் வந்தியத்தேவன் குதிரை மேல் இருக்கிறான். எழுதியவர் பெயரும் இல்லை, கதையின் தலைப்பும் இல்லை.

புதுப் பதிப்புகளில் அந்தப் பெண் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. அத்தை வீட்டை இடித்துக் கட்டியபோது கொட்டகையில் போட்டுவைத்த சாமான்களோடு மூன்றாம் பாகத்தையும் கரையான் தின்றுவிட்டது. மயில்துத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு போலிருக்கிறது. சித்தப்பா வீட்டில் பீரோவுக்குள் இருந்த பாகம் பிழைத்தது. திருச்சி வீட்டுப் பாகங்கள் யாரிடம் போயின என்பதில் இரண்டு வாய்மொழிகள் இருக்கின்றன.

பழைய இதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் இடங்கள் சென்னையில் உண்டு. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. எந்த அத்தியாயத்தின் முதுகில் அந்தப் பக்கம் இருந்தது என்பது ஞாபகமிருப்பதால், தேடுவது பெரிய காரியமில்லை. போன மாதம் அத்தையிடம் போனில் இதைச் சொன்னேன். போகவே கூடாது என்றாள். இறங்கினது அவ அண்ணன்தான், அதைத் தெரிஞ்சிக்க ஒரு லைப்ரரி வேணுமா என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த சித்தப்பா போனைப் பிடுங்கி, "கடிதாசை அவ ஏன் மடியில மறைச்சு வச்சிருந்தா? அண்ணன் கடிதாசை எவடா மறைப்பா?" என்றார். கடிதம் கையில் இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.