பாட்டனின் தலைக்கவசம்

இங்கிலாந்தில் இடைக்காலப் போர்வீரர்களைச் சிற்றுருவங்களாகச் சேர்த்து, மேசைமீது படை நிறுத்தி மகிழ்வோர் பலர் உளர். 28 மில்லிமீட்டர் உயரமே உள்ள அவ்வீரன் கடையிலிருந்து முழு வீரனாக வருவதில்லை. தலை வேறு, கை வேறு, உடல் வேறாக, ஒரு நெகிழிச் சட்டகத்தில் கொத்துக்காய்போல் தொங்கிக்கொண்டு வருகிறான். குறட்டால் நறுக்கி, அரத்தால் தேய்த்து, பசையிட்டுச் சேர்த்த பின்னரே எழுந்து நிற்கிறான். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து அவ்வாறே ஒட்டிவிடுவோர் உண்டு. தேர்ந்த கையினரோ ஒரு பெட்டியின் உடலோடு மற்றொன்றின் தலையையும் வேறொன்றின் கைகளையும் பொருத்தி, எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒருவனை ஆக்கிவிடுகின்றனர்.

இதற்கெனப் பயன்படும் பசை உண்மையில் பசையன்று. பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியைக் கரைக்கும் திரவம். இரு பரப்புகளும் சற்றே கரைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன; திரவம் ஆவியானதும் ஒரே பொருளாய் இறுகிவிடுகின்றன. ஆதலின் பெட்டி வேறாயினும் பொருள் ஒன்றாயின் இணைப்பு உறுதியாகும். மென்மையான பாலித்தீனில் வார்த்த பழைய பொம்மைகளிடம் இத்திரவத்தின் ஆற்றல் செல்லாது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே விழும் இடைவெளியை ஒருவகைப் பிசின்மாவு நிரப்புகிறது. மஞ்சளும் நீலமுமான இரு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகும் அம்மாவு சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். அதற்குள் ஊசிமுனையால் துணியின் மடிப்பையோ தோல்வாரையோ வரைந்துவிட வேண்டும்.

கைவேலை இவ்வளவே. கடினமானது வேறொன்று. எதனை எதனோடு சேர்க்கலாம்?

1415 இல் அஜின்கோர்ட்டில் பொருதவர்களிடையே கூரிய உச்சியுடைய பாசினெட் என்னும் தலைக்கவசம் வழங்கியது. 1455 இல் தொடங்கிய ரோசாப் போர்களின் காலத்திலோ, பிடரியை மூடுமாறு பின்புறம் வால்போல் நீண்ட சேலட் பரவியிருந்தது. அஜின்கோர்ட் வீரனின் உடலில் நீள்வால் சேலட் அணிந்த தலையை ஒட்டினால், பிறவாத பேரனின் கவசத்தைப் பாட்டன் அணிந்தது போலாகும். ஆனால் பேரன் பாட்டனின் கவசத்தை அணிவதில் தடையேதுமில்லை. அக்காலப் படைவீரர் அனைவர்க்கும் ஒரே சீருடை வழங்கப்பட்டதில்லை. வசதியற்றவன் வீட்டிலிருந்த பழையதை அணிந்து வந்தான். களத்தில் வீழ்ந்தவனிடமிருந்து நல்லதைக் கழற்றிக்கொண்டான். எனவே பழையது பின்வந்தோரிடம் செல்லலாம். புதியது முன்னோரிடம் செல்லலாகாது. இந்த ஒருவழி நெறியை அறிந்தவர் கலந்து ஆக்கிய படை, படத்தைப் பார்த்து ஒட்டிய படையைக் காட்டிலும் வரலாற்றுக்கு நெருக்கமானது. கலப்பதைப் பிழையென்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வகை உருவங்களைச் செதுக்குவதில் பெயர்பெற்ற ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்னும் இரட்டையர் பழம்போர்களை நடித்துக்காட்டும் நிகழ்வுகளிலும் பங்கேற்றவர்கள். பிரான்சில் நிகழ்ந்த அத்தகைய நடிப்பொன்றில், பீரங்கி விபத்தில் மைக்கேல் தம் வலக்கையை இழந்தார். பின்னர் இடக்கையால் செதுக்கப் பழகித் தம் தொழிலைத் தொடர்ந்தார். தனித்தனிக் கைகளாய்ச் சட்டகத்தில் தொங்கும் அந்த நெகிழித் துண்டுகளைப் பார்க்கும்போது இச்செய்தி நினைவுக்கு வராமல் இராது.

ரோசாப் போர்களுள் மிகக் கொடியது 1461 மார்ச் 29 அன்று, பனி பொழிந்துகொண்டிருக்க, யார்க்சயரின் டவ்டனில் நடந்தது. 1996 இல் அங்குக் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது, முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் ஒரே குழியில் நெருக்கமாகக் கிடந்தன. காயங்களுள் பெரும்பாலானவை தலையிலேயே இருந்தன. அவர்கள் இறக்கும்போது தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஓடும்போது கழற்றி எறிந்தனரோ, பிடிபட்டபோது பறிகொடுத்தனரோ! அவர்களுள் ஒருவர் ஐம்பதை நெருங்கியவர். பழைய போரொன்றில் தாடையில் ஆழமாக வெட்டுண்டு, அக்காயம் ஆறிய பின்னும் மீண்டும் களத்துக்கு வந்தவர் அவர் என்பதை எலும்பே காட்டுகிறது.

அவரை உருவாக்க முனைவோர்க்குப் பெட்டியின் படம் உதவாது. படத்தில் எல்லோரும் இளைஞர். எல்லோரும் ஓங்கிய வாளினர். பஞ்சு பொதிந்த மேலங்கியுள்ள வில்லாளனின் உடலை ஒரு பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். கவசமற்ற வெறுந்தலையை வேறொரு பெட்டியில் தேட வேண்டும். ஆயுதம் ஏந்திய கையை மணிக்கட்டோடு வெட்டி, வெறுங்கையொன்றை அங்கு ஒட்ட வேண்டும். இறுதியாகத் தாடையில் கடுகினும் சிறிதாய்ப் பச்சை மாவை அப்பி, அது இறுகுமுன் ஊசியால் ஒரு கோடு இழுக்க வேண்டும்.

வண்ணம் தீட்டி மேசையில் நிறுத்திய பின்னர், ஒரு கை தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு அத்தழும்பு தெரிவதில்லை.