தரையைத் தொட்ட பந்து

விளையாட்டில் நேர்ந்த பிழை விளையாட்டோடு போய்விடும் என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

1978ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை. ராஜபாளையத்தில் ஓர் ஆட்டம், மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆட்டம் என்று ஏற்பாடாகி, கடையநல்லூரிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர் ரயிலேறினோம். அக்காலத்தில் அது மீட்டர்கேஜ் பாதை. எங்களுள் பெரும்பாலோர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். எல்லாருக்குமாக ஒரு சாக்குப் பையில் மூன்று மட்டைகள். அவற்றுள் ஒன்று சிங்கப்பூரிலிருந்து ஒருவருடைய மாமா கொண்டுவந்தது. பேடியின் தலைமையில் ஆஸ்திரேலியா சென்றிருந்த நம் அணி, முதல் இரண்டு டெஸ்டுகளில் தோற்றபின் மெல்போர்னிலும் சிட்னியிலும் வென்று, சமநிலைக்கு வந்திருந்த நாட்கள் அவை. மெல்போர்னில் சந்திரசேகர் வீழ்த்திய 12 விக்கெட்டுகளைப் பற்றியே வழியெல்லாம் பேச்சு. விக்கெட் கீப்பரான எனக்கு மட்டும் கிர்மானிதான் வீரர்.

மேற்கே மலைத்தொடர் நீலமாய் நிற்க, ராஜபாளையத்தில் தென்னைநார்ப் பாய் விரித்து ஆடினோம். பாயில் எழும்பிய பந்து ஒன்று என் விரல் நுனியைப் பிளந்தது. எதிரணியில் கடைசியாக ஆட வரும் இளைஞர் ஓடிவந்து கட்டுப்போட்டார். ஆலைத் தொழிலாளியான அவர் மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கும் ஆடவிருந்தார். “இது சத்திரப்பட்டித் தறியிலே நெய்த துணி. உங்க ஊர்த் தறிக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்குங்க” என்றார். பகலுணவு எங்களுக்குக் காய்கறிச் சோறாகவே சமைத்திருந்தார்கள். எதையும் நாங்கள் கேட்டு அறிந்து உண்ண வேண்டிய சங்கடம் வராதிருக்கவே அவ்வாறு செய்தார்கள் என்பது பிறகுதான் விளங்கிற்று.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். நான் இரண்டு பந்துகளைக் கோட்டைவிட்டேன். இரவெல்லாம் தோழர்களின் கேலி.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலைக் கோபுரம் வீட்டுக் கூரைகளுக்கு மேல் உயர்ந்து தெரியும் திடல். எதிரணிக்கு 11 ஓட்டங்கள் தேவை. மூன்று விக்கெட்டுகள் எஞ்சியிருந்தன. பள்ளி ஆசிரியர் ஒருவர் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார். பந்து அவருடைய மட்டை விளிம்பை உரசி என் முன்னே தாழ்ந்தது. பாயின் ஓரத்தில் ஒருமுறை தட்டி என் கையுறைக்குள் புகுந்தது. அது தரையைத் தொட்டது எனக்குத் தெரியும். ஆயினும் கையை உயர்த்திக் கூவினேன்.

அம்பயர் தயங்கினார். ஆசிரியர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“தம்பி, சுத்தமாப் பிடிச்சீங்களா?”

தலையசைத்தேன். அவர் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்தவர் விரைவில் வீழ்ந்தார். முந்தின நாள் எனக்குக் கட்டுப்போட்ட இளைஞர், கடைசி ஆளாய் வந்து பதற்றத்தில் ஓடி ரன் அவுட் ஆனார். நான்கு ஓட்டங்களில் நாங்கள் வென்றோம்.

ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்த ஆசிரியர், ஊர்ப் பால்கோவாப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து, “அம்மாவுக்குக் கொடுங்க” என்றார். உண்ட என் தாயார், கொடுத்தவருக்காக துஆச் செய்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்துடன் டெஸ்ட். ஐந்து விக்கெட்டுகளை இழந்து இங்கிலாந்து திணறியபோது, பாப் டெய்லர் அவுட் என்று அம்பயர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த நம் தலைவர் விசுவநாத், முறையீட்டைத் திரும்பப் பெற்று அவரை மீண்டும் ஆட அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தார்கள். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அன்று விக்கெட்டுக்குப் பின்னே நின்றவர் என் கிர்மானி. பத்திரிகையில் அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள், தறிக்குழியில் அமர்ந்திருந்த என் தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாடாவை நிறுத்தினார். “அறுந்த இழையை முடிந்துவிட்டு நெய்யலாம். மறைத்து நெய்தால் துணியே காட்டிக்கொடுக்கும். மனிதனுக்குப் பட்ட கடனை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். போய் வா” என்றார்.

சென்றேன். ஆசிரியர் என்னை அடையாளம் கண்டு உபசரித்தார். நான் சொல்லி முடித்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார்.

“எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலே, தம்பி. ஆனா அன்னைக்குத் தோத்ததுக்கு அந்த ரன் அவுட்தான் காரணம்னு எல்லாரும் அந்தப் பையனைப் பேசினோம். நானும்தான் பேசினேன். அவன் அதுக்கப்புறம் மட்டையைத் தொடலே. நீங்க அவன்கிட்டத்தான் சொல்லணும்.”

என் பொய்யால் பாதிக்கப்பட்டவர் ஒருவரே என்று எண்ணியிருந்தேன். என் விரலுக்குக் கட்டுப்போட்டவரையே நான் காயப்படுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ராஜபாளையத்துக்குப் பேருந்தேறி, ஆலை வாயிலில் காத்து நின்றேன். ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தார். சாலையோரத்திலேயே சொன்னேன். கேட்டபின், “அன்னைக்கு ராத்திரி எங்க அண்ணன்கூட எங்கிட்டப் பேசலே” என்றார். அவ்வளவுதான்.

“பொருந்திக்கொள்ளுங்கள்” என்றேன்.

அச்சொல் அவருக்குப் புதிது. என்னவென்று கேட்டார். “உங்களுக்கு நான் பட்டிருக்கும் பாக்கியை மனமார விட்டுக்கொடுங்கள் என்று எங்கள் வீடுகளில் இப்படித்தான் கேட்போம்” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “இந்த ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு. ஆசிரியர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். நான் ஆடப் போறேன். நீங்களும் வந்து, இப்போ சொன்னதை எல்லாருக்கும் முன்னாலே ஒரு தடவை சொல்லிருங்க. அப்புறம் பொருந்திக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். திடலின் நடுவே, இரண்டு அணியினரும் சூழ்ந்து நிற்க, சொன்னேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான ஆட்டம் நான் ஆடியதில்லை.