ஒரு சாண் குடல்

தம்பிக்கு வந்திருப்பது குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் என்று தெரியவே ஒன்றரை வருஷம் ஆனது. அதில் ஆறு மாதம் டிபி மாத்திரையிலேயே போயிற்று. சிறுகுடல் முடிகிற இடத்தில் புண் என்றால் நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய்தான். பயாப்ஸியில்கூட இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். ஆனால் இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 62 கிலோ இருந்தவன் 47-க்கு இறங்கிவிட்டான்.

பிறகு ஸ்டீராய்டு. நாலாம் நாள் ரசம் சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அடுப்படியில் நின்று அழுதார். அந்த நிம்மதியில் அப்படியே இருந்துவிடத்தான் தோன்றும். இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பை அரித்துவிடும் மருந்து அது.

அடுத்தது என்ன? எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. அசதயோபிரின் வேலை செய்ய மூன்று மாதமாவது ஆகும். நம்மவர்கள் சிலருக்கு வெள்ளணுக்களைச் சரித்துவிடும். இன்ஃப்ளிக்சிமாப் எட்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏறும். விலையும் அதிகம், உள்ளே உறங்கும் டிபியையும் எழுப்பிவிடக்கூடும். இல்லையென்றால் ஆபரேஷன்.

"கத்தி வைக்கிறது கடைசியிலதானே டாக்டர்?" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பேனாவால் குடலை வரைந்தார். முனையில் ஒரு கோடு. "நோய் இந்த ஒரு சாண்தாம்மா. இன்னும் இறுகித் தழும்பாகலை. அதனால மருந்து, ஆபரேஷன்னு ரெண்டு வழியும் இருக்கு."

நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் இதே போல் சிறு பகுதியில் மட்டும் நோயுள்ள 143 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், லேப்ராஸ்கோபி முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களைவிடக் குறையவில்லை. முடிவு 2017-இல் வெளியானது. கத்தி என்றால் தோல்வி என்று நாங்கள் பயந்தது வீண்.

தம்பி ஆபரேஷன் என்றான். அவன் உடம்பு, அவன் முடிவு. வெட்டிய பிறகும், தைத்த இடத்தருகே நோய் திரும்பலாம் என்று தெரிந்துதான் சம்மதித்தான். ஆறாம் மாதம் கொலோனோஸ்கோபி இருக்கிறது.

டிபி மாத்திரை சாப்பிட்டும் வயிறு அடங்காத பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் முடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். இரண்டாம் மாதமே டாக்டரிடம் கேளுங்கள்: புண் ஆறியிருக்கிறதா?